ஐந்தாம் கோடு

என் அண்ணனுக்குக் குவாரியில் வெடி என்று பேர். வெடி வைக்கிற வேலை அவருடையதல்ல. எங்கள் குவாரியில் வெடியே வைப்பதில்லை, மண் அவ்வளவு மெது. பற்ற வைக்காமலே வெடிக்கிறவர் என்று யாரோ வைத்த பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. முப்பத்திரண்டு வருஷம் பொக்லைன் ஓட்டினார். அதற்குள் எடைமேடைக்காரரை ஒரு தடவை, ஒரு மேஸ்திரியை மண்வெட்டிக் காம்பால் ஒரு தடவை, என்னை இரண்டு தடவை, லாரிக்காரர்களைக் கணக்கு வழக்கில்லாமல் அடித்திருக்கிறார். நான் அவரை ஒரே ஒரு தடவைதான் அடித்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் முதலில் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எங்கள் குவாரி ஒரு காலத்தில் ஏரி. தண்ணீர் வற்றிப் பல ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது. அடியில் படிந்த வண்டல் மட்டும் வெள்ளை மண்ணாக இறுகி, நாலு மாடி உயரத்துக்கு நிற்கிறது. அதை வெட்டி, வடிகட்டி செய்கிற கம்பெனிகளுக்கு லாரியில் ஏற்றுகிறோம். சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் மூடிவைத்த நோட்டுப் புத்தகத்தின் ஓரம் மாதிரி மெல்லிய அடுக்குகள் தெரியும். ஒரு அடுக்கு ஒரு வருஷம். அந்த வெள்ளைக்கு நடுவே அங்கங்கே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஓடும். மேலிருந்து எண்ணினால் மொத்தம் ஏழு கோடு.

ஐந்தாம் கோடுதான் எங்களுக்குச் செல்லம். உள்ளங்கை அகலம் இருக்கும். பொக்லைன் பல்லை அந்தக் கோட்டில் வைத்து இழுத்தால் மேலே இருக்கிற மண் பாளம் பாளமாகக் கழன்று வரும், கீழே வழித்துவிட்ட தரை மாதிரி சுத்தமாக நிற்கும். புதிதாக வருகிற ஆபரேட்டருக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற ஒரே பாடம், "கோட்டுல வெட்டு" என்பதுதான். கோடு என்ன, எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. எங்களுக்கு அது வேலையைச் சுலபமாக்குகிற ஒரு சௌகரியம், அவ்வளவுதான்.

ஒரு வருஷம் ஒரு அம்மா வந்தார். கத்தி, தூரிகை, சின்னச் சின்ன டப்பாக்களோடு வெயிலில் குந்தி உட்கார்ந்து சுவரைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். மண்ணு மேடம் என்று பேர் வைத்துவிட்டோம். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டோம்.

"இது மண்ணு இல்லங்க, சாம்பல்" என்றார் ஐந்தாம் கோட்டைக் காட்டி.

"யாரு மேடம் அடுப்பு எரிச்சது?" என்று கேட்டார் குண்டு. அவர் லாரி ஓட்டுகிறவர், ஆள் ஒல்லி.

"எரிமலை. இங்கேருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு மலை. ஒரே நாள்ல தலையே சிதறிப் போயிருக்கு. பட்டப்பகல்ல இருட்டு. மூணு நாளா இந்த ஏரி மேல சாம்பல் கொட்டிக்கிட்டே இருந்திருக்கும். அது அப்படியே முழுகி அடியில போய்ப் படுத்துக்கிச்சு."

கோட்டுக்கு அடியில் கத்தியை விட்டு ஒரு பில்லையைப் பெயர்த்தார். உள்ளே மீன்கள். விரல் நீளம் கூட இல்லாத மீன்கள், எலும்பும் செதிலுமாக, ஒன்றன்மேல் ஒன்று, எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. சாம்பல் செவுளை அடைத்து மூச்சுமுட்டிச் செத்தவை என்றார். நான் சாப்பாட்டுத் தூக்கை மூடிவைத்தேன். அண்ணன் மட்டும் அந்தப் பில்லையைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏழு தடவையா மேடம் வெடிச்சுது?"

"இந்தச் சுவர்ல ஏழு. நடுவுல ஆயிரக்கணக்கான வருஷம் சும்மா இருந்திருக்கு."

"நம்ம வெடி அண்ணனுக்கு நடுவுல ஒரு நாள் கூட சும்மா இருக்க வராதே" என்றார் குண்டு. நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் அவர் கன்னத்தில் ஒன்று விழுந்தது. மேடம் கையிலிருந்த கத்தி கீழே விழுந்துவிட்டது.

அப்புறம் மேடம் வேலை முடிந்து கிளம்பும்வரை அண்ணனோடுதான் அதிகம் பேசினார். அடிக்கிற மனுஷன் ஒருத்தர் இவ்வளவு கேள்வி கேட்பார் என்று எதிர்பார்க்கவில்லையோ என்னவோ. அவர் சொன்னதை அண்ணன் எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்தாம் கோட்டுச் சாம்பல் பாதி களியாக மாறிவிட்டது. காய்ந்திருந்தால் கல். தண்ணீர் குடித்தால் சோப்பு. கிழக்குச் சுவரில் அந்தக் கோடு குழியைப் பார்த்துச் சாய்ந்து இறங்குகிறது, கீழே வெட்டிவிட்டுத் தண்ணீரும் விட்டால் மேலே இருக்கிறது மொத்தமும் வழுக்கிக்கொண்டு வரும். அன்றிலிருந்து தினமும் காலையில் கோட்டில் ஒரு சிட்டிகை எடுத்து, எச்சில் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார். நறநறவென்று இருந்தால் வண்டியில் ஏறுவார். நாங்கள் அதைக் கிண்டல் செய்வோம், அவருடைய கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுதான்.

இனி அவர் என்னை அடித்த இரண்டு தடவை. முதல் தடவை எனக்குப் பத்து வயசு, அவருக்குப் பதினெட்டு. அப்பா போய்ச் சேர்ந்து மூன்று மாசம். குவாரியில் அவருக்கு முதல் நாள் வேலை. நான் விளையாட்டுக்கு அவருடைய ஷூவை ஒளித்து வைத்தேன், வைத்த இடம் எனக்கே மறந்துபோயிற்று. லேட்டாகப் போனவரைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்து என் இடது கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். காதிலிருந்து ரத்தம் வந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது.

"கீழ விழுந்துட்டேன்னு சொல்லு. என்ன?" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன், டாக்டரிடமும் சொன்னேன், கீழே விழுந்துட்டேன் என்று. அந்தக் காது அன்றோடு செவிடு. அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மன்னிப்பும் கேட்டதில்லை. என்னைப் படிக்க வைத்தார், அவருடைய கல்யாணத்துக்கு முன்னால் என் கல்யாணத்தை முடித்தார், குவாரியில் வேலையும் வாங்கிக் கொடுத்தார். காதுப் பேச்சை மட்டும் அந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது.

இரண்டாவது தடவை மூன்று வருஷத்துக்கு முன்னால். நான் அப்போது லோடர் ஓட்டிக்கொண்டிருந்தேன், மேற்குச் சுவருக்கு அடியில். அண்ணன் ஓடிவந்து ஒன்றும் சொல்லாமல் கேபின் கதவைத் திறந்து, என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக் கீழே தள்ளினார். நான் எழுந்திருக்கப் பார்த்தபோது இடுப்பில் ஒரு உதை. இருபது பேர் பார்க்க, பள்ளிக்கூடப் பையனை இழுப்பதுபோல இருபதடி தூரம் தரையோடு இழுத்துக்கொண்டு போனார். "சுவர் வருது" என்றார். சுவர் வரவில்லை. நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம், ஒரு கட்டி கூட உதிரவில்லை. ஒரு வாரத்துக்கு என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "சுவர் வருது" என்று சொல்லிச் சிரித்தார்கள். ஆறு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத நேரத்தில் அந்தச் சுவர் விழுந்தது. அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, நானும்தான்.

உதை வாங்கிய அன்றே அவரோடு பேச்சை நிறுத்தினேன். இந்த ஆள் சொல்லி இனி ஒரு அடி நகர மாட்டேன் என்று முடிவெடுத்தேன். லோடரை விட்டுவிட்டுப் பம்ப்புக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். குவாரியின் ஆகக் கீழே, தண்ணீர் வந்து சேருகிற பள்ளத்தில், ஒரு தகரக் கொட்டகையில் என் பம்ப். மழைக்காலத்தில் ஊறுகிற தண்ணீரை மேலே ஏற்றி வெளியே தள்ள வேண்டும். அந்தச் சத்தத்தில் மிச்சமிருக்கிற காதும் அடைத்துப்போகும். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

தண்ணீரை வெளிவாசல் கால்வாய் வரைக்கும் கொண்டுபோய் விடவேண்டும் என்பது விதி. ஹோஸ் பைப்பை அவ்வளவு தூரம் போட்டால் லாரி போகும்போதெல்லாம் யாராவது தூக்கிப் பிடிக்க வேண்டும். அதனால் நான் கிழக்குச் சுவருக்குப் பின்னால், மேலே இருந்த ஒரு பள்ளத்தில் பைப்பைப் போட்டுவிட்டேன். என்ன அருமையான பள்ளம். இரண்டு வாரம் ராத்திரி பகலாக ஊற்றியும் நிறையவே இல்லை. அதைப் பெருமையாக வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். நானும் அண்ணனும் ஒரே வீடு, ஒரே கூடம். எடைமேடைக்காரரை அடித்ததற்காக அந்த வாரம் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைக் கீழே வைத்தார்.

என் மனைவியைப் பார்த்து, "அந்தப் பம்ப்புக்காரர்கிட்ட சொல்லும்மா, அந்தத் தண்ணி எங்க போகுதுன்னு யோசிக்கச் சொல்லு" என்றார்.

"வீட்ல சும்மா உக்காந்திருக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்னு சொல்லு" என்றேன்.

"அஞ்சடி தூரத்துல ரெண்டு பேரும் உக்காந்திருக்கீங்க. நான் என்ன போஸ்ட்மேனா?" என்றாள் அவள். அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை அண்ணன் மேனேஜர் அறைக்குப் போனார். அங்கே நடந்ததை ஆபீஸ் கிளார்க் பிறகு எனக்குச் சொன்னார். மேனேஜர் முதலில் பொறுமையாகத்தான் கேட்டாராம்.

"போன தடவையும் இதையேதானே சொன்ன? தம்பியப் போட்டு உதைச்ச. சுவர் விழுந்துச்சா?"

"ஆறு மாசம் கழிச்சு விழுந்துச்சு சார்."

"அப்ப இதுவும் ஆறு மாசம் கழிச்சு விழட்டும். அதுக்குள்ள ஆர்டர முடிச்சிடலாம்."

அண்ணன் மேஜையைப் புரட்டிப் போட்டார். கம்ப்யூட்டர், டீ கிளாஸ், கண்ணாடி எல்லாம் மேனேஜர் மடியில். வாட்ச்மேன்கள் மூன்று பேர் அவரை அடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கேட்டுக்கு வெளியே போட்டார்கள். நல்ல வார்த்தையாக நாலு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன். உயிர் போகிற விஷயத்தைக் கூட மேஜையைப் புரட்டித்தான் சொல்ல முடிந்தது என்று இன்றைக்கும் எனக்கு அவர்மேல் ஆத்திரம் உண்டு.

வெளியே போட்டால் போய்விடுவாரா. பின்பக்க வேலியைத் தாண்டிக் கிழக்குச் சுவரின் உச்சிக்கு வந்தார். தரையில் ஒரு விரிசல். கையை விட்டால் முழங்கை வரை போயிற்று. எட்டிப் பார்த்தால் ஐந்தாம் கோட்டிலிருந்து தண்ணீர் கசிந்து சுவர் வியர்த்துக்கொண்டிருந்தது. கீழே, அந்தச் சுவரின் காலடியில், கோட்டில் பல்லை வைத்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். குழியில் மொத்தம் பதினொரு பேர். என்னையும் சேர்த்து.

கத்தினார். கையை ஆட்டினார். கீழே இருந்தவர்களும் கையை ஆட்டினார்கள். குண்டு லாரி மேல் ஏறி நின்று "சுவர் வருது" என்று ஆடிக் காட்டினார். எனக்கு எதுவும் தெரியாது, நான் பம்ப்புக்குப் பக்கத்தில் இருந்தேன்.

விரிசலுக்குப் பின்னால், நான் தண்ணீர் விட்ட பள்ளத்தை ஒட்டிய மேட்டில், தகரக் கூரைக்கு அடியில் எல்லோருடைய பைக்கும் நிற்கும், குழியிலிருந்து பார்த்தால் தெரியும். பக்கத்தில் செயின் ரிப்பேர் முடிந்த பழைய பொக்லைன் ஒன்று நின்றது. அண்ணன் அதில் ஏறினார். முதலில் தகரக் கூரையைப் பிடுங்கி எறிந்தார், நன்றாகத் தெரியட்டும் என்றுதான். அப்புறம் மேஸ்திரியின் பைக்கைப் பல்லில் கொக்கி போட்டுத் தூக்கி, தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வடிய வடிய எல்லோருக்கும் காட்டிவிட்டுத் தரையில் ஓங்கி அடித்தார். அதன்மேலேயே பக்கெட்டை இறக்கினார். இரண்டாவது, மூன்றாவது. குண்டுவின் பைக் வாங்கி நாலு மாசம், சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கூட இன்னும் பிரிக்கவில்லை. அதை மட்டும் இரண்டு தடவை அடித்தார் என்று குண்டு இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்.

சுவர் வருகிறது என்றால் நகராதவர்கள் பைக் என்றதும் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஓடி வந்தார்கள். வண்டிகளை அப்படியே விட்டுவிட்டு மேடேறி ஓடினார்கள். பைக் இல்லாதவர்கள் வேடிக்கை பார்க்க ஓடினார்கள். பத்து பேரும் மேலே வந்துவிட்டார்கள்.

எனக்குப் பைக் கிடையாது. நான் நடந்து வருகிறவன். என் சாமான் என்று அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது அண்ணனுக்குத் தெரியும். பொக்லைன் கையைத் திருப்பி, பள்ளத்தில் கிடந்த என் ஹோஸ் பைப்பைக் கவ்வி ஒரே இழுப்பு இழுத்தார். கீழே பம்ப்பிலிருந்து பைப் பிய்த்துக்கொண்டு வந்து என் நெஞ்சில் அடித்தது. நான் மல்லாந்து விழுந்தேன். தண்ணீர் முகத்தில் பீறிட்டு அடிக்கிறது, மூச்சு வாங்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்து பைப் போகிற வழியே பார்த்தேன். மேட்டில், பொக்லைன் கேபினில், அவர்.

முப்பத்திரண்டு வருஷக் கோபம் ஒரே மூச்சில் வந்தது. பைப் ரிஞ்ச்சை எடுத்துக்கொண்டேன், இரண்டு கிலோ இரும்பு. மேடு முழுக்க ஓடினேன். நான் போனபோது அவரைக் கேபினிலிருந்து இழுத்துக் கீழே போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து முதுகில் சாத்தினார். குண்டு பல்லைக் கடித்துக்கொண்டு விலாவில் உதைத்தார். வாயிலிருந்து ரத்தம் கொட்டியது, ஒரு பல் சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயுசில் முதல் தடவையாக என் அண்ணன் திருப்பி அடிக்கவில்லை. மண்டியிட்டு, தலையைத் தூக்கித் தூக்கி, சுற்றி நிற்கிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது.

என்னைப் பார்த்தார். "பதினொண்ணு" என்றார்.

நக்கல் செய்கிறார் என்று நினைத்தேன். ரிஞ்ச்சை ஓங்கி முகத்தில் அடித்தேன். வலது கண்ணில் பட்டது. என்ன உடைந்தது என்பது கைக்குத் தெரிந்தது.

அப்போது பின்னால் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பினோம். கிழக்குச் சுவர் விழவில்லை, நகர்ந்தது. மேலே நின்ற இரண்டு மரங்களோடு, வேலியோடு, மொத்த மலையும் நின்றபடியே ஐந்தாம் கோட்டின்மேல் வழுக்கிக் குழிக்குள் இறங்கியது. பாதி வழியில் உடைந்தது. நாங்கள் விட்டுவிட்டு வந்த லோடர் ஒரு புரட்டுப் புரண்டு மண்ணுக்குள் போயிற்று. லாரி நசுங்குகிற சத்தம் கேட்டது. என் பம்ப் கொட்டகை இருந்த இடத்தில் இருபதடி மண். காற்று எங்களைத் தரையோடு சேர்த்து அறைந்தது, வெள்ளைத் தூசி வாயிலும் மூக்கிலும் அடைத்தது. இருமிக்கொண்டே கிடந்தேன். வாயைப் பிளந்துகொண்டு கிடந்த அந்த மீன்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

தூசி அடங்கியபோது சுவர் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சரிவு, ஈரமாக, மொழுமொழுவென்று பளபளத்தது. நான் ஊற்றிய தண்ணீர் அதன்மேல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி உட்கார்ந்து வாந்தி எடுத்தார். குண்டு தான் உதைத்த காலையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அண்ணனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். அவருக்கு வலது கண் இல்லை, எனக்கு இடது காது இல்லை. தெருவில் நடக்கும்போது யார் எந்தப் பக்கம் நடப்பது என்று தினமும் சண்டை, அதில் அவர்தான் ஜெயிப்பார். கோபம் கொஞ்சமும் குறையவில்லை. போன மாசம் கூடப் பால்காரரை அடிக்கப் போனார், தூரம் தப்பாகக் கணித்துக் கதவில் அடித்துக்கொண்டார்.

ஆனால் சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரி. அன்று மத்தியானம் குண்டுவும் நானும்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். கண் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். என் சட்டையெல்லாம் அவருடைய ரத்தம். நர்ஸ் ஒரு காகிதத்தோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். அடிதடி என்றால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்றார்.

"எப்படி ஆச்சு?"

முகம் முழுக்கக் கட்டோடு, உடைந்த வாயால் அண்ணன் சொன்னார். "கீழ விழுந்துட்டேன். சாம்பல்ல வழுக்கிடுச்சு."

எனக்குப் பத்து வயசு திரும்ப வந்த மாதிரி இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"இல்லங்க" என்றேன். "விழல. நான்தான் அடிச்சேன். எங்களை எல்லாம் காப்பாத்தினவர நான்தான் ரிஞ்ச்சால அடிச்சேன்."

நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் கையைத் தூக்கினார். அடிக்கத்தான் தூக்குகிறார் என்று பழக்கத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கை வந்து என் இடது காதின் மேல் பட்டு, அங்கேயே நின்றது.

"அவனை விடுங்க சிஸ்டர்" என்றார். "அவனுக்குக் காது கேக்காது. சின்ன வயசுல நான் அடிச்சதுல போயிடுச்சு. நீங்க என்ன கேட்டீங்கன்னே அவனுக்குப் புரியல. விழுந்துட்டேன்னு எழுதுங்க."

நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டார்.